பூஜை போட்ட வண்டி: மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு திடீர்ப் பயணம், நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு இது. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. மறுநாள் விஜயதசமி, அதற்கு மறுநாள் ஞாயிறு, ஆக மூன்று நாள் தொடர் விடுமுறை. மதுரையிலிருந்து ஒரு கார், அதில் ஐந்து பேர், தூத்துக்குடி போய் இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்புவதாகப் பேச்சு. நடந்தது என்னவென்றால், தங்கவில்லை, அன்றைக்கே நள்ளிரவுக்குள் மதுரை வந்து சேர்ந்துவிட்டோம், வரும்போது வண்டியில் நான்கு பேர்தான். பதற வேண்டாம், ஐந்தாவது ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், அவன் கதை பின்னால் வருகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் சொதப்பிய பயணம். பேசியதில் பாதி நடக்கவில்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் ரூம், ஜீப், கேம்ப் ஃபயர் என்று மாதக்கணக்கில் வாட்ஸப்பில் அடித்துக்கொண்டு போன பயணங்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிந்திருக்க, இது மட்டும் சிரித்துக்கொண்டே முடிந்தது. ஏன் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: திடீரென்று கிளம்புகிறவர்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே என்னென்ன இருக்கிறது என்பதைவிட, அங்கே ஒன்றுமே அமையாவிட்டால் அன்றிரவே பத்திரமாக வீடு திரும்ப முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எங்களைக் காப்பாற்றியது தூத்துக்குடியின் அழகு இல்லை, தூரம்.

கிளம்பிய விதம்

கூட்டத்தில் ஒருவனுக்குச் சொந்தமாக லேத் பட்டறை. ஆயுத பூஜை என்றால் அன்று காலை எல்லாரும் அங்கேதான் இருப்போம். இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி கடலை, சுண்டல், அப்புறம் வெளியே நிற்கிற அவனுடைய காருக்கு மாலை போட்டு நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியைத் தெருமுனைப் பிள்ளையார் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திருப்புவதுதான் வழக்கம். அன்றைக்கு அவன் திருப்பி வந்து நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "மாப்ள, பூஜை போட்ட வண்டிய சும்மா நிப்பாட்டி வைக்கக் கூடாதுடா. எங்கயாச்சும் போயிட்டு வருவோம்."

இப்படி ஒரு பேச்சு வந்தால் பொதுவாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாரும் "போலாம் போலாம்" என்பார்கள், சாயங்காலம் வரைக்கும் எங்கே என்று முடிவாகாது, கடைசியில் டீ குடித்துவிட்டுக் கலைந்துபோவோம். அன்று அது நடக்காததற்குக் காரணம் எங்கள் வங்கிக்காரன். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருப்பவன், எதையும் நோட்டில் போட்டுப் பார்க்கிற ஜாதகம். "இப்ப மணி பதினொன்றரை. பன்னெண்டரைக்கு வண்டி எடுக்கணும். எடுக்கலன்னா நான் வீட்டுக்குப் போறேன், பாயசம் இருக்கு" என்றான். திடீர்ப் பயணத்துக்கு இப்படி ஒரு ஆள் வேண்டும். உற்சாகமாகப் பேசுகிறவனால் வண்டி கிளம்பாது, கெடு வைக்கிறவனால்தான் கிளம்பும்.

அந்த நேரத்தில் பட்டறையில் இருந்தது ஆறு பேர். வண்டியில் இடம் ஐந்து. "நெருக்கி உக்காந்துக்கலாம்" என்று ஆறாவது ஆள் சொன்னதைப் பட்டறைக்காரன் ஒரே பேச்சில் மறுத்துவிட்டான். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம், அதெல்லாம் கூட இரண்டாவது. பெல்ட் ஐந்துதான் இருக்கிறது, ஆறாவது ஆளை எதில் கட்டுவது? அவன் கோபித்துக்கொண்டு போனான், இரண்டு நாள் பேசவில்லை, பிறகு தூத்துக்குடியின் பேர்போன இனிப்பான மக்ரூன் பொட்டலத்தைக் கொடுத்ததும் சரியாகிவிட்டான். கிளம்பும் இடத்தில் ஒரு சங்கடம் வந்தாலும் பரவாயில்லை, வழியெல்லாம் இடிபட்டுக்கொண்டு போய் ஆறு பேருக்கும் கழுத்து வலி வருவதைவிட அது மேல்.

ஊர் முடிவான விதம்

மதுரையிலிருந்து விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் வாயில் வருவது கொடைக்கானல். தூரம் குறைவுதான், 115 கிலோமீட்டர் சுமார். ஆனால் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. இ-பாஸ் போனிலேயே எடுத்துவிடலாம், அது பெரிய விஷயம் இல்லை. விஷயம் என்னவென்றால், தொடர் விடுமுறையில் மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. இருட்டிய பிறகு தூக்கக் கலக்கத்தில் கொண்டை ஊசி வளைவில் இறங்குவது யாருக்கும் நல்லதில்லை. அதாவது கொடைக்கானலில் அறை கிடைக்காவிட்டால் மாட்டிக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

ராமேஸ்வரம் சொன்னார்கள். 170 கிலோமீட்டருக்குப் பக்கம், பரவாயில்லை, ஆனால் விடுமுறை நாளில் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற கூட்டத்தைக் கடப்பதற்குள் பொழுது போய்விடும். கன்னியாகுமரி ஏறத்தாழ 245, மதியம் கிளம்பிப் போய் அன்றே திரும்புகிற தூரம் இல்லை. தூத்துக்குடி என்று சொன்னது பள்ளி ஆசிரியராக இருக்கிற நண்பன். 140 கிலோமீட்டர், முழுக்க நான்குவழிச் சாலை, மலை கிடையாது, வழியில் எட்டயபுரம், போனால் கடல், இரவு புரோட்டா. அவன் சொல்லி முடிப்பதற்குள் "மக்ரூன்" என்று கூட்டத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன் சேர்த்துக்கொண்டான். அத்தோடு முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கும் தூத்துக்குடி முதல் விருப்பம் இல்லை. யாருக்கும் வேண்டாத ஊரும் இல்லை. நண்பர்கள் சேர்ந்து போகிற ஊர் பெரும்பாலும் இப்படித்தான் அமையும், அதில் ஒரு நன்மை இருக்கிறது: எவனும் மனதுக்குள் பெரிய கோட்டை கட்டிக்கொண்டு வரவில்லை.

வழியில்

மண்டேலா நகரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 38. பழைய எண் 45பி, வயதானவர்கள் இன்னும் அருப்புக்கோட்டை ரோடு என்றுதான் சொல்கிறார்கள். வேலூரில் தொடங்கித் திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி வழியாக வருகிற சாலையின் கடைசித் துண்டு இது. இரண்டு சுங்கச்சாவடி, எலியார்பத்தியில் ஒன்று, புதூர் பாண்டியாபுரத்தில் ஒன்று. 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம், ஃபாஸ்டேக்கில் தானாகவே அப்படித்தான் கழியும். அன்றே திரும்புகிற பயணத்துக்கு இது ஒரு சின்ன ஊக்கத்தொகை மாதிரி. நாங்கள் அதை நினைத்துக் கிளம்பவில்லை, வந்த பிறகு வங்கிக்காரன் கண்டுபிடித்து மகிழ்ந்தான்.

காரியாபட்டி தாண்டி அருப்புக்கோட்டை, அப்புறம் பந்தல்குடி. அங்கிருந்து கரிசல். புரட்டாசிக் கடைசி, மானாவாரி நிலத்தை உழுது போட்டு மழைக்குக் காத்திருக்கிற நேரம். சில இடத்தில் விதைத்தும் இருந்தார்கள், மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும்தான் அந்தப் பக்கத்து விதைப்பு. மரம் என்று பார்த்தால் வேலிக்கருவைதான், நிழலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. வெயில் நேரத்தில் இந்தச் சாலையில் போகிறவர்கள் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது. பட்டறைக்காரன் கிளம்பும்போதே பார்த்திருந்தான், தொழில் புத்தி.

எட்டயபுரத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். பயணத்தின் நல்ல பகுதி எது என்று இப்போது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எட்டயபுரம் என்றால் எல்லாருக்கும் பாரதி. 1882 டிசம்பர் 11 அன்று அவர் பிறந்த வீடு இருக்கிறது, கல்கி முயற்சி எடுத்து மக்களிடம் பணம் திரட்டிக் கட்டி 1947இல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் அதே சின்ன ஊரில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் இருக்கிறது, கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இருக்கிறது. தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர், 1835 தீபாவளியன்று இங்கேதான் காலமானார். "சாலையில இருந்து ரெண்டு நிமிஷம் உள்ள போனா மூணு பேரும் இருக்காங்கடா, நாம எத்தன தடவ நேரா போயிருக்கோம்" என்று ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டான். உண்மைதான். திருச்செந்தூர் போகிற மதுரைக்காரர்கள் எத்தனை பேர் இந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நூறில் பறந்திருப்போம். நேரக் கணக்கு இல்லாமல் கிளம்பியதால்தான் வண்டி திரும்பியது. இத்தனை மணிக்கு செக்-இன் என்று எங்கேயாவது எழுதியிருந்தால் திரும்பியிருக்காது.

அறை

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தூத்துக்குடி. பழைய பேருந்து நிலையம் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து லாட்ஜ் லாட்ஜாக ஏறினோம். எல்லா இடத்திலும் ஒரே பதில். ஒரு லாட்ஜில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மதுரையா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி. ஒரு ராத்திரிக்குத்தான்."

"குலசை தசராலா நடக்குது. நாளைக்கு சூரசம்காரம். ஞாயித்துக்கிழம வரைக்கும் திருச்செந்தூர்லயும் கெடைக்காது, இங்கயும் கெடைக்காது. கோயிலுக்கு வரலியா நீங்க? பின்ன எதுக்கு வந்தீய?"

பின்ன எதுக்கு வந்தீய என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. மக்ரூன் வாங்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

குலசை என்கிற குலசேகரன்பட்டினம் தெரியாதவர்களுக்காக: திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற ஊர். 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அதே ஊர். அங்கே முத்தாரம்மன் கோயில் தசரா, மைசூருக்கு அடுத்தபடியாக என்று அந்தப் பக்கத்து ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். விரதம் இருந்து காப்புக் கட்டி, காளி, குரங்கு, போலீஸ், குறவன், பிச்சைக்காரன் என்று ஆளாளுக்கு நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி, விஜயதசமி இரவு கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் சனம். அந்த இரவுக்கு முந்தின நாள் நாங்கள் தூத்துக்குடியில் அறை தேடிக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் இந்த நிகழ்வின் முக்கியமான பாடம் என்று நான் நினைக்கிறேன். நமக்கு விடுமுறை என்றால் ஓய்வு நாள் என்று ஒரு நினைப்பு. போகிற ஊருக்கு அதே நாள் வருஷத்திலேயே பெரிய வேலை நாளாக இருக்கலாம். தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் தசராவின் பத்து நாட்கள், திருச்செந்தூர் கந்த சஷ்டி, ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா, பிறகு ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கிற பனிமய மாதா திருவிழா, இவற்றைப் பார்த்துக்கொண்டு போனால் போதும். கோயிலுக்கே போவதாக இருந்தால் அது வேறு கணக்கு. ஒரு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அங்கே வானிலை எப்படி என்று போனைத் தட்டிப் பார்க்கிற நாம், அங்கே என்ன திருவிழா என்று பார்ப்பதில்லை. வங்கிக்காரனுக்கு இதில் ஒரு கூடுதல் வருத்தம் உண்டு, புரட்டாசியில் அவன் கவிச்சி சாப்பிட மாட்டான். தூத்துக்குடிக்குப் போய்ப் புரோட்டாவுக்குச் சீனி தொட்டுச் சாப்பிட்டவன் வரலாற்றிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். மக்ரூனிலும் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது என்று கடையில் வைத்துத்தான் தெரிந்தது. பாவம்.

"வந்தது வந்துட்டோம்"

அறை இல்லை என்று ஆனதும் டீக்கடையில் நின்று பேசினோம். எதிரிலிருந்த வழிகள் இவை. திருநெல்வேலி 50 கிலோமீட்டர்தான், அங்கே போய் அறை தேடலாம். ஆனால் விஜயதசமிக்குப் பாளையங்கோட்டையில் அம்மன் சப்பரங்களெல்லாம் ஒன்றாகக் கூடுகிற பெரிய விழா, அங்கும் இதே பதில் வர வாய்ப்பு அதிகம். வண்டியிலேயே கடற்கரையோரம் படுத்துத் தூங்கலாம் என்றான் செல்போன் கடைக்காரன், ஐந்து பேர் உட்கார்ந்தபடியே கொசுக்கடியில். அல்லது இரவு சாப்பிட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பலாம்.

அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. "வந்தது வந்துட்டோம், அப்படியே குலசை போயி சூரசம்காரம் பாத்துட்டுப் போவமா?"

எந்தத் திடீர்ப் பயணத்தையும் கவிழ்ப்பது இந்த வாக்கியம்தான் என்பது என் அனுபவம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும். 140 கிலோமீட்டர் வந்தாயிற்று, இன்னும் 55, 60 தானே. ஆனால் அந்த அறுபதைப் பார்த்தால் போதாது. சூரசம்ஹாரம் மறுநாள் நள்ளிரவு, அதுவரை எங்கே இருப்பது, வண்டியை எங்கே நிறுத்துவது (அந்த ஊருக்குள் அன்றைக்கு வண்டி போகவே முடியாது), லட்சம் பேர் கலைகிற நேரத்தில் அந்தச் சாலையில் எப்போது வெளியே வருவது, வந்து எப்போது 200 கிலோமீட்டர் ஓட்டுவது, யார் ஓட்டுவது. ஒரு நாள் பயணம் இரண்டரை நாளாகிவிடும், அதற்கு யாரும் வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை, மாற்றுத் துணிகூட ஒழுங்காக இல்லை. "வந்தது வந்துட்டோம்" என்கிறவன் வந்த தூரத்தைத்தான் கணக்கில் வைத்துக்கொள்கிறான். திரும்ப வேண்டிய தூரம் அதே வாக்கியத்தில் கூடிக்கொண்டே போவதைச் சொல்வதில்லை.

குலசை போவோமா என்று கேட்டது செல்போன் கடைக்காரன். அவனுக்கு நிஜமாகவே ஒரு காரணம் இருந்தது. அவன் மாமா வீடு ஆறுமுகநேரி. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதில் மாமா வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு போனில் விசாரித்ததோடு சரி, நேரில் போகவில்லை என்ற உறுத்தல் அவனுக்கு. தசரா அப்புறம்தான்.

இதை அவன் முதலிலேயே சொல்லியிருந்தால் விவாதம் அரை மணி நேரம் நீண்டிருக்காது. சொன்னதும் ஆசிரியர், "அப்ப நீ மட்டும் போடா. பஸ்ஸு இந்தா நிக்குது, ஒரு மணி நேரத்துல மாமா வீட்டுல இருப்ப" என்றான். எல்லாரும் ஒரு நிமிடம் முழித்தோம். ஐந்து பேராக வந்தால் ஐந்து பேராகத்தான் திரும்ப வேண்டும் என்று யார் சொன்னது? அந்த எண்ணம் எங்கள் மண்டையில் எப்படியோ ஏறியிருக்கிறது. ஒருவனுக்காக நான்கு பேர் போவது, அல்லது நான்கு பேருக்காக ஒருவன் மனசுக்குள் புழுங்குவது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரவு சாப்பாடு வரைக்கும் கூடவே இருந்துவிட்டு அவன் திருச்செந்தூர் பேருந்தில் ஏறினான். பக்கத்து இருக்கையில் முகம் முழுக்க நீல மை பூசிய ஒரு காளி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்ததாக அவன் அனுப்பிய படம் இன்னும் எங்கள் குழுவின் முகப்பில் இருக்கிறது.

கிடைத்த ஐந்து மணி நேரம்

அறை தேடும் வேலை முடிந்ததும் ஊர் திடீரென்று லேசானது. பனிமய மாதா பேராலயம் போனோம், 1713இல் கட்டியது, உள்ளே வெள்ளையும் நீலமுமாகக் குளிர்ச்சி. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் நடந்தால் ரோச் பூங்கா, பழைய துறைமுகம். வழியில் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து சிலை. தண்ணீருக்குத் தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அவரைத் தந்தை என்றுதான் சொல்கிறார்கள். ஆசிரியருக்கு இந்த மாதிரி இடத்தில் நிறுத்தவே முடியாது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை இந்தத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு விட்டதையும், 1914இல் பாம்பன் ரயில் பாலம் வருவதற்கு முன்னால் சென்னையிலிருந்து இலங்கை போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள் என்பதையும் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பட்டறைக்காரன் கேட்டது ஒரே கேள்வி, "கப்பல் இன்ஜின ரிப்பேர் யாருடா பாத்தது?" ஆசிரியருக்குத் தெரியவில்லை.

உப்பளம் பார்க்க முத்தையாபுரம் பக்கம் கொஞ்ச தூரம் போய்வந்தோம். அக்டோபர் என்பதால் உற்பத்தி முடிகிற கட்டம், குவித்த உப்பின் மேல் பனையோலை மூடியிருந்தது, மழை வந்துவிட்டால் அவ்வளவுதான். சாலையோ முழுக்க தசராக் கூட்டம், வேன்களிலும் லோடு ஆட்டோக்களிலும் மேளம் அடித்துக்கொண்டு. ஒரு சிக்னலில் எங்கள் வண்டிக் கண்ணாடியைத் தட்டி ஒரு அனுமார் காணிக்கை கேட்டார். பத்து ரூபாய் கொடுத்தோம், திருநீறு பூசிவிட்டார். வங்கிக்காரன் அதைக் கணக்கில் "இதர செலவு" என்று எழுதினான்.

மக்ரூன் பற்றி ஒரு யோசனை, இது ஆய்வுக்குச் சம்பந்தம் இல்லாதது. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பொடி, அவ்வளவுதான் அதில். காற்றில் ஈரம் இருந்தால் நமுத்துப்போய்ப் பல்லில் ஒட்டும். மழைக்காலத்தில் வாங்கினால் பொட்டலத்தைக் காரின் பின் கண்ணாடிக்கு அடியில் வைக்காமல் மூடி போட்ட டப்பாவில் போட்டுவிடுங்கள். எடை இல்லாத பண்டம், கால் கிலோவே பெரிய பொட்டலமாக வரும், அதைப் பார்த்து ஏமாந்து குறைவாக வாங்க வேண்டாம்.

இரவுக் கடையில் புரோட்டாவும் நாட்டுக்கோழிச் சால்னாவும் சாப்பிட்டு முடித்தபோது ஒன்பது மணி ஆகப்போகிறது.

திரும்பிய விதம்

இரவுப் பயணத்தைப் பற்றி வீர வசனம் பேச எனக்கு விருப்பம் இல்லை. துறைமுக ஊருக்குப் போகிற சாலை அது. கண்டெய்னரும் நிலக்கரியும் உப்பும் ஏற்றிய லாரிகள் இரவு முழுக்க ஓடும், ஓரத்தில் விளக்கில்லாமலும் நிற்கும். அன்றைக்கு அதோடு பாதயாத்திரை போகிறவர்களும் சேர்ந்திருந்தார்கள். நாங்கள் திரும்புவது என்று முடிவெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. போகும்போது முழுக்கப் பட்டறைக்காரன் ஓட்டினான், ஆசிரியர் பின்சீட்டில் நன்றாகத் தூங்கியிருந்தான், ஆக வரும்போது ஓட்ட ஓய்வெடுத்த ஒரு ஆள் இருந்தான். டீக்கடைப் பேச்சு முடிந்ததுமே யாரும் தண்ணி அடிக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம், ஓட்டுகிறவன் மட்டும் இல்லை, யாருமே. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஜெயிலும் உண்டு என்பது இருக்கட்டும், வண்டியில் ஒருவன் மப்பில் இருந்தாலே ஓட்டுகிறவனுக்கு அரைக் கவனம் போய்விடும். வண்டி நண்பனுடையது, ஓட்டுவது இன்னொருவன் என்றால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். காலாவதியான உரிமத்தோடு ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். ஆசிரியரிடம் இருந்தது.

ஒன்பதே கால் மணிக்குக் கிளம்பி, எண்பதுக்கு மேல் போகாமல், பந்தல்குடியில் ஒரு டீ. அறை கிடைக்காத கடுப்பில் ஏழு மணிக்கே கிளம்பியிருந்தால் வருத்தத்தோடு வந்திருப்போம், பேசிக்கொண்டே பதினொன்றுக்குக் கிளம்பியிருந்தால் தூக்கம் வந்திருக்கும். ஒன்பது மணி என்று கெடு வைத்தது மறுபடியும் அந்த வங்கிக்காரன்தான்.

கணக்கு

கிளம்பும்போதே ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வங்கிக்காரனுக்கு ஜிபே செய்துவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. வழியில் யாரும் பையைத் தொடக் கூடாது, அவன்தான் கொடுப்பான். "நான் குடுக்கிறேன், நீ விடு" என்று கடை வாசலில் நடக்கிற மல்லுக்கட்டும், அப்புறம் மனதுக்குள் நடக்கிற கணக்கும் இதனால் ஒழியும். வண்டிக்காரனுக்கு இந்த ஆயிரத்தில் விலக்கு, வண்டியின் தேய்மானமே அவன் பங்கு. ஆக நாலாயிரம். ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல், இரண்டாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. சுங்கம், சாப்பாடு, டீ, அனுமார் எல்லாம் போக ஒரு சில நூறு மிஞ்சியது, அறைக்கு என்று மனதில் வைத்திருந்த பணம் வெளியே வரவே இல்லை.

மிஞ்சியதைத் திருப்பி அனுப்பும்போது ஒரு வழக்கு வந்தது. செல்போன் கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமை மதுரை வந்து சேர்ந்ததும் கேட்டான்: தான் போகும்போது மட்டும்தான் வண்டியில் இருந்தான், திரும்பும் பெட்ரோலில் தனக்கு எப்படிப் பங்கு வரும், அதோடு பஸ் டிக்கெட் வேறு சொந்தக் காசு. வங்கிக்காரனின் வாதம், நான்கு பேர் வந்தாலும் ஐந்து பேர் வந்தாலும் வண்டி குடிக்கிற பெட்ரோல் ஒன்றுதான், இறங்கிப்போனது அவன் விருப்பம். ஆசிரியர் செல்போன் கடைக்காரன் பக்கம், ஏனென்றால் போகச் சொன்னதே அவன்தான். பட்டறைக்காரன் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டான். நான் வங்கிக்காரன் கட்சி. இந்தத் தீபாவளி வரைக்கும் இதற்குத் தீர்ப்பு வரவில்லை.